ஆறுதலாக வாருங்கள்

மாநாட்டுக்கு வருகிறவர்கள் மாநாட்டுக்காக வருவதில்லை. இது எல்லோருக்கும் தெரியும். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பன்னிரண்டு நிமிடம் கட்டுரை வாசிக்க யார் கடல் தாண்டி வருவார்கள்? ஊர் பார்க்கத்தான் வருகிறார்கள். போகிற ஊரில் பழைய கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் பெரிய நூலகமும் இருந்துவிட்டால், "வேலையாகத்தான் போகிறேன்" என்று வீட்டில் முகம் மாறாமல் சொல்லலாம். அந்த வகையில் யாழ்ப்பாணம் வசதியான ஊர். படிப்பும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது, நண்டும் இருக்கிறது.

கரம்பொன் என்கிற தீவுக் கிராமத்து அனோஜினிக்கு இது நன்றாகவே தெரியும். தமிழில் கணிதம் கற்பிக்கிறவர்களுக்கென்று ஒரு பேரவை உண்டு. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு இடத்து ஆட்களும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கூடுவார்கள். அந்தப் பேரவையின் யாழ்ப்பாணக் கிளைக்கு ஓர் அறை, இரண்டு கதிரை, ஓர் அலுமாரி, ஒரு கணினி, ஓர் அனோஜினி. கிளைத் தலைவர் பேராசிரியர் தில்லைநாதன் ஒரு கதிரையில் இருந்து, எழுதியதைச் சிவப்புப் பேனையால் வெட்டுவார். மற்றக் கதிரையில் இருந்து அனோஜினி அதைக் கணினியில் திரும்பவும் அடிப்பாள். ஆறு வருடமாக இதுதான் நடக்கிறது.

யாழ்ப்பாணத்தில் மாநாடு நடப்பது இதுதான் முதல் தடவை. கடைசி நாளில் ஒன்பது பேர் கொண்ட குழு கூடி, அடுத்த மாநாடு எங்கே என்று முடிவெடுக்கும். போட்டியில் இரண்டு ஊர்கள்: மறுபடியும் யாழ்ப்பாணம், இல்லையென்றால் பினாங்கு. மாநாட்டு வேலை இல்லாத கிளைக்கு இனிப் பணமில்லை என்று பேரவை சொல்லிவிட்டது. யாழ்ப்பாணம் என்றால் அந்த அறை இருக்கும். பினாங்கு என்றால் மாதக் கடைசியில் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு, அனோஜினி கொழும்புக்குப் போக வேண்டியதுதான். அங்கே மச்சாள் ஒருத்தி துணிக்கடையில் இடம் பார்த்து வைத்துவிட்டு, "எப்ப வாறாய்?" என்று கிழமைக்கு ஒரு தடவை கேட்கிறாள். ஊரை விட்டுப் போவது அனோஜினிக்குப் பெரிய காரியமில்லை. இந்த வேலையை விடுவதுதான் பெரிய காரியம். முப்பத்திரண்டு வயதில் தனக்கு நன்றாக வருகிற வேலை இன்னது என்று கண்டுபிடித்திருந்தாள். அதைக் கொண்டுபோய் யார் துணி மடிக்கக் கொடுப்பார்கள்?

வில்லங்கம் அழைப்புக் கடிதத்தில் தொடங்கியது.

"ஏன் யாழ்ப்பாணம் வரவேணும் எண்டதுக்குப் பத்துக் காரணம் எழுதும்" என்றார் தில்லைநாதன். "பதினொண்டு வேண்டாம்."

அவள் எழுதினாள். பல்கலைக்கழகம், நூலகம், நூற்றைம்பது வருடம் கடந்த கல்லூரிகள், கோட்டை, கோயில்கள், தேவாலயங்கள், சென்னையிலிருந்து சிறு விமானப் பயணம், சாப்பாடு, பாலத்தால் போய்ச் சேரும் தீவுகள். ஒன்பதுதான் வந்தது. பத்தாவதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் இப்படி எழுதினாள்: "வேலையும் கவலையும் எங்கும் உள்ளவைதான். ஒருமுறை யாழ்ப்பாணத்துக்கு ஆறுதலாக வாருங்கள். ஆறுதலாகப் பாருங்கள். ஆறுதலாக இருந்து போங்கள்."

யாழ்ப்பாணத்தில் இது நாளுக்கு நூறு தரம் வாயில் வருகிற சொல். ஆறுதலாக நட, ஆறுதலாகக் குளி, வாங்கின புத்தகத்தை ஆறுதலாகத் தா. அவசரமில்லை, மெதுவாகச் செய் என்று அர்த்தம். கெதியாக என்பதற்கு நேர் எதிர். தீவுப்பகுதி ஆட்கள் இதை இன்னும் கொஞ்சம் கூடவே சொல்வார்கள். படகுக்கும் பஸ்ஸுக்கும் காத்திருந்து பழகியவர்கள் வேறு என்னத்தைச் சொல்வது?

தில்லைநாதன் மூன்று ஆறுதலையும் ஒரே இழுப்பில் வெட்டினார். "இது குசினித் தமிழ். அடுப்படியில கதைக்கிறது கடிதத்தில வராது." மேலே "தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்க்கிறோம்" என்று எழுதினார். அவள் திருத்தினாள். திருத்தியதைப் பத்திரமாக வேறு பெயரில் சேமித்தாள். பிறகு இருநூற்றுப் பத்துப் பேருக்கும் திருத்தாததை அனுப்பி வைத்தாள்.

மாறி அனுப்பியதை அடுத்த நாள் காலையில்தான் கண்டுபிடித்தாள். போன கடிதத்தைத் திரும்பிப் பார்க்கிற ஆள் அல்ல தில்லைநாதன். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

மாநாடு தொடங்கியது. மூன்று நாளும் மணியடித்து மணியடித்து நடந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் மணி, தேநீருக்குப் பதினைந்து நிமிடம், திரும்பவும் மணி. நான்காம் நாள் தீவுச் சுற்றுலா. ஐந்தாம் நாள் குழுக் கூட்டம். மூன்றாம் நாள் பின்னேரம் அனோஜினி ஒலிபெருக்கியில், "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு எல்லாரும் வெளிக்கிட வேணும்" என்று அறிவித்தாள். புறப்பட வேண்டும் என்றுதான் சொன்னாள். மதுரைக்காரர் ஒருவர், அவர்கள் ஊரில் 'வெளிக்கு' என்றால் வேறு காலைக்கடன் என்று பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்ல, அந்த வரிசையே குலுங்கியது. தில்லைநாதன் அவளைப் பார்த்த பார்வையில் சிவப்பு மை இருந்தது.

சிரிக்காமல் இருந்தவர் ஒருவர்தான். குழுத் தலைவர், கோயம்புத்தூர்ப் பேராசிரியர் மயிலாத்தாள். அறுபத்து மூன்று வயது, வெள்ளைக் கரை வைத்த சேலை, முன்வரிசைக் கதிரை. மூன்று நாளில் அவர் ஒருவரோடும் பத்துச் சொல் கதைக்கவில்லை. தேநீர் எடுப்பார், குடிக்காமல் வைத்துவிடுவார். குழுவில் நாலு பேர் யாழ்ப்பாணம், நாலு பேர் பினாங்கு என்று கதை அடிபட்டது. சமமாக வந்தால் தலைவரின் வாக்குத்தான் முடிவு. "அந்த மனுசிக்கு எங்கட ஊர் பிடிக்கேல்லைப் போல" என்றார் தில்லைநாதன். "நாளைக்கு நீர் அவவோடயே நில்லும். ஏழு இடம் போட்டிருக்கிறன். ஒண்டும் விடுபடக்கூடாது."

தில்லைநாதன் நகரத்தில் நின்றுகொண்டார். பதினெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பஸ் பண்ணைப் பாலத்தால் போனது. இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், தென்மேற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று, நீருக்குள் நின்று கூட்டு வலை பார்க்கிற ஆட்கள். வேலணை, புங்குடுதீவு, இறுப்பிட்டி தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கே நயினாதீவுப் படகுக்கு நீண்ட வரிசை. முதல் இடத்திலேயே ஒரு மணித்தியாலம் போய்விட்டது. அம்மன் கோயிலுக்கு நாற்பது நிமிடம் என்று போட்டிருந்ததை இருபத்தைந்தாக்கி, புத்த விகாரைக்குப் பத்து நிமிடம் கொடுத்து, "கெதியா, கெதியா" என்று எல்லாரையும் திரும்ப நயினாதீவு இறங்குதுறைக்குக் கொண்டுவந்தாள் அனோஜினி. தன் குரல் தில்லைநாதனின் குரல் மாதிரிக் கேட்டது அவளுக்கே பிடிக்கவில்லை.

மயிலாத்தாள் கோயிலுக்குள் கும்பிடவுமில்லை, படம் எடுக்கவுமில்லை. ஒரு தூணோடு நின்றுவிட்டு வந்தார். படகுக்குக் காத்திருக்கும்போது கைப்பையைத் திறந்து நாலாக மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிகிற அளவுக்குப் பழகிப் போயிருந்தது. அனோஜினி தூரத்தில் நின்றே அதை அடையாளம் கண்டாள். அழைப்புக் கடிதம்.

"ஏனுங்கம்மணி, இதை எழுதுனது யாருங்க?"

பொய் சொல்லலாம். தில்லைநாதனின் கையெழுத்துத்தான் கீழே இருந்தது. ஆனாலும் அவளுக்கு வாய் வரவில்லை. "நான்தான் மேடம்."

மயிலாத்தாள் கடைசி வரியில் விரல் வைத்தார். "ஆறுதல்னு மூணு தடவை போட்டிருக்கீங்க. நானும் வந்த நாள்ல இருந்து பார்க்கறேன். அது எங்கீங்க இருக்குது?"

அனோஜினிக்குக் காது சுட்டது. சரியான கேள்விதானே. ஆறுதலாக வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, மூன்று நாள் மணியடித்து, நாலாம் நாள் ஏழு இடத்துக்கு ஆட்டுமந்தை மாதிரி ஓட்டுகிறோம். ஒருத்தர் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். கேட்டவரோ யாருடைய வாக்கில் தன் வேலை தொங்குகிறதோ அந்த ஆள்.

"மன்னிக்கோணும் மேடம்" என்றாள். "பிழை எங்கடதுதான். இனிப் பின்னேரம் வரைக்கும் ஆறுதல்தான்."

மயிலாத்தாள் ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று அப்போது அவளுக்கு விளங்கவில்லை.

குறிகட்டுவானில் இறங்கியதும் சாரதி றெக்ஷனிடம் போனாள். "நேரா எங்கட வீட்டுக்கு விடுங்கோ அண்ணை."

"சாட்டிக் கடற்கரை?"

"இல்லை."

"கடற்கோட்டை, காரைநகர்?"

"ஒண்டும் இல்லை. கரம்பொன்."

மத்தியானச் சாப்பாடு ஏற்கெனவே அவள் வீட்டில்தான் ஒழுங்கு செய்திருந்தது. அரை மணித்தியாலம் என்று போட்டிருந்தாள். பன்னிரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தேவாலயத்தில் கேட்டு வாங்கிய கதிரைகளை அவளுடைய அப்பா யாகப்பு வேம்புக்குக் கீழே போட்டுவிட்டு, வந்தவர்களை எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். அம்மா மேரிறோஸ் இரண்டு அடுப்பில் இரண்டு சமையல் செய்திருந்தாள். ஒன்றில் நண்டும் கணவாயும், மற்றதில் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கைக்காயும். கரண்டி மாறிவிடக்கூடாது என்று சைவக் கறிக் கரண்டிகளின் காம்பில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள்.

"இண்டைக்கு இனி ஒரு இடமும் இல்லை" என்று அனோஜினி எல்லாருக்கும் சொன்னாள். "நாலு மணிக்கு வெளிக்கிடுவம். அதுவரைக்கும் உங்கட விருப்பம்."

ஏமாற்றமாக முணுமுணுப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மதுரைக்காரர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்து, ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டார். பினாங்குக்காரர் இருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யாகப்புவோடு வீட்டுக்குப் பின்னால் இருந்த கடலுக்குள் முழங்கால் அளவுக்குப் போய் நின்றார்கள். மற்றவர்கள் நண்டை உடைப்பதில் மும்முரமானார்கள்.

தொலைபேசி அடித்தது. தில்லைநாதன்.

"எங்க நிக்கிறீர்?"

"கரம்பொன்னில சேர்."

"இந்த நேரத்துக்குக் கடற்கோட்டையில எல்லோ நிக்கவேணும்?"

"கோட்டை ஓடிப் போகாது சேர்" என்று சொல்லிவிட்டு அனோஜினி தானே திடுக்கிட்டாள். ஆறு வருடத்தில் அவள் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். "சிக்னல் இல்லை சேர்" என்று அவளே வைத்துவிட்டாள்.

மயிலாத்தாள் மட்டும் உள்ளே மேசையில் தனியாக இருந்து சாப்பிட்டார். சாப்பிட்டார் என்பது பெயருக்குத்தான். சோற்றை மளமளவென்று பிசைந்து, மென்றும் மெல்லாமலும் விழுங்கி, நடுவில் மணிக்கூட்டைப் பார்த்து, திரும்ப விழுங்கினார். யாரோ உள்ளறையிலிருந்து கூப்பிடப் போகிறார்கள் என்பது போல ஒரு காது பின்னால் இருந்தது. மேரிறோஸ் கறிச்சட்டியோடு வந்தவள் அதைப் பார்த்து நின்றாள்.

"ஏனக்கா இந்த அவசரம்? ஆறுதலாச் சாப்பிடுங்கோ."

மயிலாத்தாளின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. முகம் குனிந்தது. பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. முதலில் சத்தமில்லாமல், பிறகு சத்தமாக, பிசைந்த கையோடு அந்தப் பெரிய பேராசிரியர் அழுதார். வெளியே நண்டு உடைக்கும் சத்தம் நின்றது. அனோஜினி வாசலில் நின்று பார்த்தாள். எல்லாம் முடிந்தது, தலைவரை என் வீட்டில் வைத்து அழப்பண்ணிவிட்டேன் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

மேரிறோஸ் என்ன ஏது என்று கேட்கவில்லை. சட்டியைக் கீழே வைத்தாள். ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டு இருந்தாள். விசும்பலுக்கு நடுவே மயிலாத்தாள், "மன்னிச்சுக்குங்க, பஸ்ஸுக்கு நேரமாயிரும்" என்று எழும்பப் பார்த்தார்.

"பஸ் நிக்கும்" என்றாள் மேரிறோஸ். "இருங்கோ அக்கா. ஆறுதலா அழுங்கோ. இஞ்ச ஒருத்தரும் அவசரப்படுத்த மாட்டினம்."

அவர் அழுதார். கை காய்கிற வரைக்கும் அழுதார். மேரிறோஸ் பக்கத்தில் இருந்து முருங்கைக்காய்ச் சட்டிக்கு வருகிற ஈயை மட்டும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவராகவே சொன்னார். கணவரும் கணித வாத்தியார். ஒன்றரை வருடம் படுக்கை. அவர் கூப்பிட்டால் ஓட வேண்டும் என்று ஐந்து நிமிடத்தில் சாப்பிடப் பழகியது. அவர் போய் எட்டு மாதமாகியும் கை அதை விடவில்லை. பதினாறாம் நாள் மகன் கட்டிலைக் கழற்றி வெளியே போட்டான். இருபதாம் நாள் கல்லூரியில் கூப்பிட்டு, வேலையைப் பார்த்தால் மனம் மாறும் என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோருக்கும் அவரை அடுத்த காரியத்துக்கு அனுப்ப அவசரம். "அழறதுக்குன்னு யாருமே நேரம் ஒதுக்கலைங்க" என்றார். மேரிறோஸ், "ஓம் அக்கா, அப்பிடித்தான்" என்றாள்.

கை கழுவக் கிணற்றடிக்கு வந்தபோது அனோஜினி தண்ணீர் ஊற்றினாள். மயிலாத்தாளின் கண் வீங்கியிருந்தது, முகம் முதல் தடவையாக இறுக்கமில்லாமல் இருந்தது.

"நன்றிங்கம்மணி. எட்டு மாசமா எனக்கு வந்த கடுதாசியில உங்களுது ஒன்னுதான் என் மனசு தெரிஞ்சு எழுதுனது. வேலையும் கவலையும்னு ஆரம்பிச்சு, ஆறுதலா வாங்க, ஆறுதலா இருந்து போங்கன்னு. யாரோ சொல்லி, நம்ம துக்கம் தெரிஞ்சு கூப்பிடறாங்கன்னு நினைச்சேன். அந்த ஒரு வரிக்காகத்தான் வந்தேன்."

அப்போதுதான் அனோஜினிக்கு விளங்கியது. வெளிக்கிடு என்ற சொல்லுக்கு வரிசையே சிரித்தது நினைவுக்கு வந்தது. அதே மாதிரிச் சொல் இது. இறங்குதுறையில் இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு விஷயம் கதைத்திருக்கிறார்கள்.

பேசாமல் இருக்கலாம். நாளைக் காலை வாக்கெடுப்பு. ஏற்கெனவே ஒரு பிழையை மூடித்தான் இதுவரைக்கும் வந்தாள், இன்னொன்றை மூட எவ்வளவு நேரம்? ஆனால் அழுது ஓய்ந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் ஏலவில்லை. துக்கத்தோடு வந்த மனுசியை ஏமாற்றி வாக்கு வாங்கி, அந்த அறையில் எப்படி இருப்பது?

"மேடம், ஒண்டு சொல்லோணும். கோவிக்காதையுங்கோ. எங்கட ஊரில ஆறுதலா எண்டால் அவசரமில்லாமல், மெல்லமா எண்டுதான் கருத்து. உங்கட கவலை எனக்குத் தெரியாது. அது இருநூற்றுப் பத்துப் பேருக்குப் போன கடிதம். அதையும் சேர் வெட்டினவர். நான் பிழையான கடிதத்தை மாறி அனுப்பிப்போட்டன்."

மயிலாத்தாள் ஈரக் கையோடு நின்றார். பிறகு, "அப்படிங்களா" என்றார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டார். நாலு மணிக்குத் திரும்பி வந்து பஸ்ஸில் ஏறினார்.

மறுநாள் பத்து மணிக்குக் குழு கூடியது. அனோஜினி ஒரு மூலையில் கூட்டக் குறிப்பு எழுதினாள். யாழ்ப்பாணத்தின் பக்கம் நின்றவர்கள் ஒன்பது காரணத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். பினாங்குப் பக்கம் நின்றவர்கள் அங்கேயும் பல்கலைக்கழகம், பழைய தெருக்கள், கோட்டை, சாப்பாடு எல்லாம் உண்டு என்றார்கள். அதுவும் உண்மைதான். நாலுக்கு நாலு. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

மயிலாத்தாள் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தார். பக்கத்தில் இருந்த தில்லைநாதன் எட்டிப் பார்த்தார். வெட்டின மூன்று ஆறுதலும் வெட்டாமல் கிடந்தன. அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி மூலையைப் பார்த்தார். அனோஜினி தாளைப் பார்த்துக்கொண்டாள்.

"இந்தச் சொல்லை நான் தப்பாப் படிச்சுட்டு வந்தேன்" என்றார் மயிலாத்தாள். "எங்க ஊர் அர்த்தத்துல படிச்சேன். இவங்க ஊர்ல அவசரமில்லாமன்னு அர்த்தமாம். எழுதுன பொண்ணே நேத்து வந்து சொல்லுச்சு. சொல்லாம இருந்திருந்தா அதுக்குத்தான் லாபம். ராத்திரி பூரா யோசிச்சேங்க. ரெண்டு அர்த்தமும் எனக்கு ஒரே வீட்டுல, ஒரே சோத்துத் தட்டுல கிடைச்சுது. நான் யாழ்ப்பாணம்."

பினாங்குக்காரர் ஒருவர், முந்தின நாள் கடலில் முழங்கால் அளவுக்கு நின்றவர், காரணம் குறிப்பில் ஏற வேண்டும் என்று விதியை நினைவுபடுத்தினார். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டே.

"எழுதிக்கம்மணி" என்றார் மயிலாத்தாள். "காரணம், ஆறுதல்."

எழுதும்போது அனோஜினியின் எழுத்து கோணியது. கூட்டம் கலைந்த பிறகு தில்லைநாதன் குறிப்பை வாங்கினார், சிவப்புப் பேனையைத் திறந்தார், கடைசி வரிக்கு வந்தார்.

"இதை நான் வெட்டினனான் எல்லோ?"

"ஓம் சேர். வெட்டினனீங்கள்."

அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். கோணியிருந்த 'ஆ'வை மட்டும் நேராக்கிவிட்டுப் பேனையை மூடினார். "நாளைக்கு வரேக்க அறைத் திறப்பைக் கொண்டுவாரும். அலுமாரி ஒதுக்கி, அடுத்த மாநாட்டுக்கு இடம் பண்ண வேணும்" என்றார்.

அனோஜினி பின்னேரப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். மேரிறோஸ் தேவாலயக் கதிரைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, எங்களுக்குத்தான் கிடைச்சது. நான் கொழும்புக்குப் போகத் தேவையில்லை."

மேரிறோஸ் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்கவுமில்லை. பிறகு கேட்டாள், "அந்த மனுசி போயிட்டாவோ? சோறு முழுக்கக் கிடந்தது. சரியாச் சாப்பிடேல்லை."

"இண்டைக்கு விமானம். ரெண்டு வருசம் கழிச்சு மாநாட்டுக்குத் திரும்பி வருவாவாம். அதுக்கு முதல் சும்மாவும் ஒருக்கால் வரட்டோ, உங்கட அம்மாட்டக் கேளும் எண்டவ."

மேரிறோஸ் அடுத்த கதிரையை இழுத்தாள்.

"இதெல்லாம் கேக்கிறதே?" என்றாள். "ஆறுதலா வரட்டும்."